பெயர் கேட்காத பென்சில்

தாளின் உயரம் 48 சென்டிமீட்டர், அகலம் 36. பென்சில் கோடு, அதன்மேல் நீர்வண்ணம். இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் அணைத்தபடி ஆடிக்கொண்டிருக்கிறார்கள். பெர்லினில் 1928-ஐ ஒட்டி ஓவியர் ழான் மாமென் வரைந்த இந்தப் படத்துக்கு 'நடனமாடும் இரு பெண்கள்' என்பதற்கு மேல் தலைப்பு கிடையாது. அவர்கள் யார், பகலில் என்ன வேலை பார்த்தார்கள், ஆட்டம் முடிந்து எந்த வீட்டுக்குத் திரும்பினார்கள் என்று படம் சொல்லவில்லை. படம் வரைந்த நான்கைந்து ஆண்டுகளுக்குள், 1932-இன் பிற்பகுதியில், ஆணோடு ஆணும் பெண்ணோடு பெண்ணும் சேர்ந்து ஆடும் நடனக் கூட்டங்களை பெர்லின் காவல்துறை தடைசெய்தது. 1933 பிப்ரவரியில், ஹிட்லர் பதவிக்கு வந்த சில வாரங்களிலேயே, தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் விடுதிகளை மூடச்சொல்லி உத்தரவு வந்தது. கூடம் போயிற்று, கூட்டம் கலைந்தது, தாள் மிஞ்சியது. இத்தகைய படங்களை 'அந்தக் காலத்தின் கண்ணாடி' என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுவது வழக்கம். அதைவிடப் பெரிதாக ஒன்றைச் சொல்ல இங்கே இடமிருக்கிறது. மறைந்து வாழ நேர்ந்த மக்களை, அவர்களுக்குத் தீங்கு வராமலும் உண்மை குறையாமலும் பதிவுசெய்த காகிதங்கள் அன்றைய பெர்லினில் மிகச் சில. மாமெனின் படங்களுக்கு அவற்றில் முதல் வரிசையில் இடம் தரலாம். காரணம், அவர் யாரிடமும் பெயர் கேட்கவில்லை.

மாமென் 1890-இல் பெர்லினில் பிறந்து பாரிஸில் வளர்ந்தவர். பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ரோம் என்று மூன்று நகரங்களில் ஓவியம் படித்தார். 1914-இல் முதல் உலகப்போர் வெடித்ததும் பிரான்ஸில் இருந்த ஜெர்மானியர்கள் எதிரி நாட்டவர் ஆனார்கள். குடும்பத்தின் சொத்து பறிமுதலானது. வசதியாக வளர்ந்த பெண் கையில் காசில்லாமல், பிறந்திருந்தும் பழக்கமில்லாத ஊருக்கு வந்து சேர்ந்தார். 1920-இல் அக்காள் மிமியோடு கூர்ஃபூர்ஸ்டன்டாம் சாலை 29-ஆம் எண் கட்டடத்தின் பின்கட்டில், நான்காம் மாடியில், அதற்கு முன் புகைப்படக்காரர் ஒருவரின் ஸ்டூடியோவாக இருந்த இடத்தில் குடியேறினார். 1976-இல் இறக்கும்வரை அதே அறைகள்தான். அங்கிருந்து நடந்தே தெருக்களுக்கும் காப்பிக் கடைகளுக்கும் இரவு விடுதிகளுக்கும் போனார். பென்சிலால் அந்த இடத்திலேயே குறித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து வண்ணம் ஏற்றினார். 'சிம்ப்ளிசிஸ்ஸிமுஸ்', 'உல்க்', 'யூகெண்ட்' போன்ற இதழ்கள் அவற்றை வாங்கி அச்சிட்டன. அதாவது அவர் பிழைப்புக்காக வரைந்த பத்திரிகை ஓவியர். வாரத்துக்கு வாரம் பக்கத்தை நிரப்பியாக வேண்டிய வேலை அது. கண்ணுக்கும் கைக்கும் ஓய்வு தராத அந்த வேலைதான் அவரைத் தெருவிலேயே வைத்திருந்தது. தன் கடைசிக் காலத்தில் கொடுத்த ஓர் அரிய பேட்டியில் தன்னைப் பற்றி அவர் சொன்னது கொஞ்சம்தான்: வெறும் ஒரு ஜோடிக் கண்களாக, யார் பார்வையிலும் படாமல் உலகத்தில் நடந்து மற்றவர்களைப் பார்க்க வேண்டும் என்பதே எப்போதும் தன் ஆசை என்றார்.

அந்தக் கண்கள் நடந்துபோன வட்டாரங்களில் முக்கியமானது பெர்லினின் ஷோனெபெர்க் பகுதியில் உள்ள நோலன்டார்ஃப் சதுக்கம். உயரத்தில் ஓடும் ரயில் பாதை, அதன் நிலையம், சுற்றிலும் மோட்ஸ் தெரு, பியூலோ தெரு, கால்க்ராய்ட் தெரு. 1920-களிலும் 1930-களின் தொடக்கத்திலும் இந்தத் தெருக்களில் தன்பாலீர்ப்பாளர்களின் மதுவிடுதிகளும் நடனக் கூடங்களும் ஒன்றையொன்று தொட்டாற்போல் இருந்தன. மோட்ஸ் தெருவில் 'எல்டொராடோ', பியூலோ தெருவில் 'டோரியன் கிரே', அருகே ஷ்வெரின் தெருவில் பெண்கள் கூடிய 'டாப்கெல்லர்'. 1924 முதல் 1933 வரை 'டி ஃப்ராய்ண்டின்' என்ற பெண்களுக்கான இதழ் பத்திரிகைக் கடைகளில் வெளிப்படையாகத் தொங்கியது. சற்றுத் தொலைவில், டியர்கார்டன் பூங்காவை ஒட்டி, மருத்துவர் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் 1919-இல் தொடங்கிய பாலியல் ஆய்வு நிறுவனம். ஆனால் ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 175, 1871-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்திலிருந்து அப்படியே நீடித்தது. பெண்கள் அந்தப் பிரிவுக்குள் வரவில்லை. வேலை போவது, குழந்தைகளைப் பிரிப்பது, குடும்பம் கைவிடுவது ஆகியவற்றுக்குச் சட்டப்பிரிவு எதுவும் தேவைப்படவில்லை. விளக்கு போட்ட பலகை வாசலில் இருந்தாலும், உள்ளே போகிறவர் தெருவின் இரு பக்கமும் பார்த்துவிட்டுப் போக வேண்டிய சுதந்திரம்தான் அது.

இப்படிப்பட்ட வட்டாரத்தைப் பற்றி எழுதப்பட்ட காகிதங்களில் மிகுதியானவை காவல்துறையுடையவை. 1880-களிலேயே பெர்லின் காவல்துறையில் தன்பாலீர்ப்பாளர்களைக் கவனிக்கத் தனிப் பிரிவு ஏற்பட்டது. விடுதிகளைச் சோதனை போட்டு மூடுவதைவிட, திறந்திருக்க விட்டு யார் வருகிறார்கள் என்று தெரிந்துவைத்திருப்பதே மேல் என்பது அதன் அணுகுமுறை. சகிப்புத்தன்மை என்று அதைப் பாராட்டியவர்கள் அப்போதும் உண்டு, இப்போதும் உண்டு. அந்தச் சகிப்பின் விலையாகச் சேர்ந்தவை பெயர்ப் பட்டியல்கள். 1934 அக்டோபரில் நாஜிகளின் ரகசியக் காவல்துறையான கெஸ்டப்போ, நாடு முழுவதும் காவல் நிலையங்கள் தங்களிடமுள்ள தன்பாலீர்ப்பாளர் பட்டியல்களை அனுப்ப வேண்டும் என்று கேட்டபோது, புதிதாகத் தேடி அலைய வேண்டிய தேவை குறைவாகவே இருந்தது. 1935-இல் பிரிவு 175 இன்னும் கடுமையாக்கப்பட்டது. நாஜி ஆட்சிக் காலத்தில் அந்தப் பிரிவின் கீழ் தண்டிக்கப்பட்ட ஆண்கள் ஏறத்தாழ 50,000 பேர். வதை முகாம்களுக்கு அனுப்பப்பட்டவர்கள் 5,000 முதல் 15,000 வரை என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. துல்லியத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்தப் பட்டியல்களைவிடச் சிறந்த ஆவணம் கிடையாது. பெயர், முகவரி, வயது எல்லாம் சரியாக இருந்தன. ஆவணத்தின் தரத்தை அது எவ்வளவு துல்லியமாக ஆளைக் காட்டுகிறது என்று மட்டும் அளக்கிற பழக்கத்தை, இந்த வரலாற்றை அறிந்தவர்கள் கைவிட்டாக வேண்டும்.

இங்கே முதல் ஆட்சேபம் எழும். மாமெனும் வெளியாருக்குக் காட்டிக்கொடுத்தவர்தானே? 1931-இல் கர்ட் மோரெக் என்பவர் 'ஒழுக்கம் கெட்ட பெர்லினுக்கு வழிகாட்டி' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு புத்தகம் வெளியிட்டார். எந்தத் தெருவில் எந்த விடுதி, அங்கே யாரைப் பார்க்கலாம் என்று சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்லும் புத்தகம். அதில் பெண்கள் விடுதிக் காட்சிகள் மாமென் வரைந்தவை. இதை மழுப்புவதில் பயனில்லை. அவர் கூலி வாங்கினார். படங்கள் வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்குத் தூண்டிலாகப் பயன்பட்டன. எல்டொராடோவில் அப்படி வேடிக்கை பார்க்க வருவோர் ஏராளம்; பெண் உடையில் இருப்பவரோடு ஒரு சுற்று ஆட டோக்கன் வாங்கினால் போதும். ஆனால் புத்தகத்தையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே வேலையைச் செய்யவில்லை என்பது புலப்படும். புத்தகம் முகவரி தருகிறது, வாசகனை உள்ளே அழைத்துப்போய் 'அதோ பார்' என்கிறது. படத்தில் இருப்பவர்கள் யாருக்காகவும் திரும்பவில்லை. தம் மேசையில், தம் பேச்சில், தம் சிகரெட்டில் இருக்கிறார்கள். மூன்று ஆண்டு முன்பு, 1928-இல், ரூத் ரோலிக் பெர்லினின் தன்பாலீர்ப்புப் பெண்களைப் பற்றி ஒரு கையேடு எழுதியிருந்தார், முன்னுரை ஹிர்ஷ்ஃபெல்ட். அது அந்தப் பெண்களே தங்களுக்குப் பொருத்தமான இடத்தைத் தேடிக்கொள்ள எழுதப்பட்டது. மாமெனின் படங்களை மோரெக்கின் புத்தகத்திலிருந்து பிரித்து ரோலிக்கின் புத்தகத்தில் வைத்தால் பொருந்தும். மோரெக்கின் உரைநடையை அங்கே வைக்க முடியாது.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் வலுவானது. மாமென் கேலிச்சித்திர இதழ்களுக்கு வரைந்தார். படத்துக்குக் கீழே வாசகர் சிரிக்க ஒரு வசனம் போட்டார்கள். சிரிக்கவைக்க வரைந்த படம் எப்படி உண்மையான பதிவாகும்? இதற்குப் படங்களின் கண்களைத்தான் பார்க்க வேண்டும். மாமெனின் பெர்லின் படங்களில் ஆணும் பெண்ணும் ஒரே மேசையில் இருந்தால் பெரும்பாலும் அவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை. ஆணின் கழுத்து காலருக்கு மேல் பிதுங்கும், கண் பெண்ணின் உடம்பை எடைபோடும். பெண்ணின் இமை பாதி மூடியிருக்கும், பார்வை அறையின் வேறு மூலையில் கிடக்கும். 1929-இல் வரைந்த 'சலிப்பூட்டும் பொம்மைகள்' படத்தில் இரண்டு பெண்களோடு ஒரு பொம்மையும் உண்டு. மூன்றின் முகத்திலும் ஏறக்குறைய ஒரே அலுப்பு. இவையெல்லாம் கேலிதான், கசப்பான கேலி. பெண்கள் மட்டும் இருக்கும் படங்களுக்கு வரும்போது அதே கை இளகுகிறது. கோடு வளைகிறது, வண்ணம் நீர்த்துப் பரவுகிறது, உடல்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்கின்றன. முகமூடி நடனத்தில் உயரத் தொப்பியும் வாயில் சிகரெட்டுமாக நிமிர்ந்து நிற்கும் பெண்ணை வரைந்த 'சிம்ப்ளிசிஸ்ஸிமுஸ்' படத்தில், பத்திரிகை போட்ட வசனம் நையாண்டி செய்கிறது. படமோ அவளுக்கு மரியாதை செய்கிறது. நம் ஊர் வார இதழ்களில் துணுக்குக்குப் படம் வரையும் ஓவியரைப் போலவே அவரும். சிரிப்பு கீழே உள்ள எழுத்தில், மனிதர் மேலே உள்ள கோட்டில். அதே காலத்தில், 1927-இல், ஓட்டோ டிக்ஸ் 'எல்டொராடோ'வை வரைந்தார். பெரிய ஓவியர், ஐயமில்லை. ஆனால் அங்கே கண்ணில் படுவது டிக்ஸின் அதிர்ச்சி. மாமெனின் படங்களில் அதிர்ச்சியே கிடையாது. பத்துப் பதினைந்து முறை வந்துபோன இடத்தை வரைகிற நிதானம் அது. கூர்ட் துகோல்ஸ்கி போன்ற கறாரான விமர்சகர் 1929-இல் அவரைத் தேடிப்பிடித்துப் பாராட்டியதில் வியப்பில்லை.

அப்படியானால் அவர் உள்ளிருந்து வரைந்தவரா, வெளியிலிருந்தா? மாமென் திருமணம் செய்துகொள்ளவில்லை, அக்காளோடு வாழ்ந்தார், தன் விருப்பங்களைப் பற்றி எங்கும் எதுவும் சொல்லி வைக்கவில்லை. ஆய்வாளர்கள் இதில் பிரிந்து நிற்கிறார்கள். ஒரு சமூகத்தைப் பற்றி அதன் உறுப்பினரே பேச வேண்டும் என்ற கோரிக்கையில் நியாயம் இருக்கிறது. எத்தனையோ காலம் மற்றவர்கள் பேசிப் பேசித்தான் அந்த வாழ்க்கை நோயாகவும் குற்றமாகவும் ஆனது. ஆனாலும் மாமெனின் படத்தை ஏற்பதற்கு முன் அவருடைய படுக்கையறையைத் தெரிந்தாக வேண்டும் என்பது, எனக்குப் படுகிறவரை, அந்தப் பழைய காவல்துறைக் கேள்வியின் வாரிசு. உள்ளிருந்து எழுதியவருக்கே அன்று எவ்வளவு கடினமாக இருந்தது என்பதற்கு ஆங்கில எழுத்தாளர் கிறிஸ்டோபர் இஷர்வுட் சான்று. 1930 டிசம்பரிலிருந்து நோலன்டார்ஃப் தெரு 17-ஆம் எண் வீட்டில் குடியிருந்தவர். அங்கிருந்து பிறந்த 'குட்பை டு பெர்லின்' 1939-இல் வெளியானது, பின்னால் 'காபரே' என்ற திரைப்படமாகவும் வளர்ந்தது. அந்தப் புத்தகத்தின் கதைசொல்லிக்கு இஷர்வுட்டின் பெயரே இருக்கிறது, இஷர்வுட்டின் காதல் இல்லை. தான் எதற்காக பெர்லினுக்குப் போனோம் என்பதை அவர் வெளிப்படையாக எழுதிய புத்தகம் 1976-இல்தான் வந்தது. எழுத்தில் 'நான்' என்று வந்துவிட்டால் ஏதாவது ஒன்றை மறைத்தாக வேண்டியிருந்தது. மாமெனின் தாளில் 'நான்' இல்லை, பெயருள்ள 'அவள்' இல்லை. அதனால் அணைப்பை அணைப்பாகவே வரைய முடிந்தது, 1928-லேயே.

மாமெனின் பதிவில் பெரிய ஓட்டைகளும் இருக்கின்றன. அவற்றை ஒப்புக்கொள்ளாமல் வாதத்தை முன்னெடுப்பது சரியல்ல. ஷோனெபெர்க்கின் ஆண்கள் மாமெனின் படங்களில் ஓரமாகவே வருகிறார்கள். பெண்களின் பகல் வாழ்க்கை, இருவர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த அறை, ஞாயிற்றுக்கிழமைச் சமையல், நோயில் ஒருவர் மற்றவருக்குக் கஞ்சி வைப்பது, இவை இல்லை. விடுதிக்குப் போகக் காசில்லாத தொழிலாளிப் பெண்கள் இருந்திருப்பார்கள். அவர்களைப் பற்றி இந்தத் தாள்கள் பேசவில்லை. ஓவியரின் கண் எட்டிய இடம்வரைதான் பதிவு. ஒரு வட்டாரத்தை இரவு மேசையிலிருந்து மட்டும் பார்த்தால் அங்கே வாழ்கிறவர்கள் எப்போதும் குடித்துக்கொண்டும் ஆடிக்கொண்டும் இருந்ததாகத் தோன்றிவிடும். அந்தத் தோற்றம் பின்னால் வந்தவர்களுக்கு நன்மை செய்யவில்லை.

தன் வேலையின் எல்லையை அவரே தாண்ட முயன்ற நேரம் ஒன்று வந்தது, வந்த வேகத்தில் போயிற்று. பிரெஞ்சு எழுத்தாளர் பியேர் லூயிஸ் 1894-இல் வெளியிட்ட, பெண்களின் காதலைப் பாடும் கவிதைத் தொகுப்புக்குக் கல்லச்சுப் படங்கள் செய்து தரும்படி ஓவிய வணிகர் வோல்ஃப்காங் குர்லிட் கேட்டார். 1930 முதல் 1932 வரை மாமென் அதில் உழைத்தார். கவிதைகளின் களம் பண்டைய கிரேக்கம். மாமென் கிரேக்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தன் காலத்து பெர்லின் பெண்களை அங்கே வைத்தார். பத்திரிகையின் வசனமும் இல்லை, வழிகாட்டியின் முகவரியும் இல்லை, வெறும் நெருக்கம். நாஜிகள் வந்ததும் பதிப்பு நின்றுபோனது. சோதனைப் படிகள் சில மட்டுமே எஞ்சின. 1933 மே 6-ஆம் தேதி ஹிர்ஷ்ஃபெல்டின் நிறுவனம் சூறையாடப்பட்டது. நான்கு நாள் கழித்து அதன் நூல்கள் தீயில் போயின. மாமென் வரைந்த இதழ்கள் மூடப்பட்டன அல்லது ஆட்சிக்கு அடங்கின. அப்படி அடங்கிய இதழ்களுக்கு வரைய அவர் மறுத்து, பழைய புத்தகங்களையும் அச்சுப்படங்களையும் கைவண்டியில் வைத்து விற்றார். நான்காம் மாடி அறையில், ஆட்சியாளர்கள் 'சீரழிந்த கலை' என்று பழித்த பாணியில், யாருக்கும் காட்ட முடியாத ஓவியங்களை வரைந்து அடுக்கினார். போர் முடிந்தும் விடிவு உடனே வரவில்லை. நாஜிகள் கடுமையாக்கிய அதே பிரிவு 175 மேற்கு ஜெர்மனியில் 1969 வரை மாறாமல் இருந்தது. முற்றாக நீங்கியது 1994-இல். முகாமிலிருந்து உயிரோடு வந்தவர் மறுபடி சிறைக்குப் போகக்கூடிய நாட்டில், யார் தம் நினைவுகளை எழுதி வைப்பார்கள்? பழைய கடிதங்களையும் புகைப்படங்களையும் தாங்களே கிழித்து எரித்த குடும்பங்களைக் குறை சொல்ல முடியாது. மாமெனின் நீர்வண்ணங்கள் 1970-களின் தொடக்கத்தில் மறுபடி கண்காட்சிகளுக்கு வந்தபோது, பெண்கள் இயக்கத்தவர் அவற்றைத் தேடிவந்து பார்த்ததற்கு இந்த வெற்றிடம் ஒரு காரணம்.

இத்தனைக்குப் பிறகும் ஒருவர் கேட்கலாம்: ஓவியம் எப்படிச் சாட்சியாகும்? கை நினைத்ததை வரையும். காமிரா எதிரில் இருப்பதை எடுக்கும். தனி நிகழ்வு ஒன்றை நிறுவ வேண்டுமானால் இது சரி. இந்த இரு பெண்கள் இந்தத் தேதியில் இந்தக் கூடத்தில் ஆடினார்கள் என்று மாமெனின் தாளை வைத்து நிறுவ முடியாது. ஆனால் இப்படி ஆடுவது அங்கே வழக்கமாக இருந்தது, ஆடியவர்களின் தோள் இப்படித் தளர்ந்திருந்தது, பக்கத்து மேசைக்காரர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பதற்கு ஆண்டுக்கணக்கில் ஒரே கை ஒரே பொறுமையோடு வரைந்த டஜன் கணக்கான தாள்களைவிட நல்ல சாட்சி எதைக் கேட்பது? காமிராவுக்கு முன் அன்று நிற்க முடிந்தவர்கள் மேடைக் கலைஞர்களும், இழக்க ஒன்றுமில்லாத துணிச்சல்காரர்களும். அலுவலகத் தட்டச்சுப் பெண்ணும் பள்ளி ஆசிரியையும் காமிராவைக் கண்டால் முகத்தைத் திருப்பியிருப்பார்கள்; மூலையில் பென்சிலோடு உட்கார்ந்திருந்த குட்டை முடிப் பெண்ணைக் கண்டு திருப்பவில்லை. எல்டொராடோவின் புகைப்படங்களில் இன்று உலகெங்கும் அறியப்பட்ட ஒன்று 1933 மார்ச் மாதத்தது. மோட்ஸ் தெரு முனையில் அதே கட்டடம். கதவு மூடியிருக்கிறது, முகப்பில் ஹிட்லருக்கு வாக்குக் கேட்கும் தேர்தல் சுவரொட்டிகளும் ஸ்வஸ்திகாவும், வாசலில் காவலர்கள். காமிரா எதிரில் இருந்ததைச் சரியாகத்தான் எடுத்திருக்கிறது. அந்தக் கதவுக்குள் போய்வந்தவர்களில் ஒருவர்கூட அந்தப் படத்தில் இல்லை.